மரவாடி வீட்டுப் பையனை எதில் சேர்ப்பது?

அண்ணாச்சி, உங்கள் கடிதத்தில் பாதி உங்கள் மரவாடியின் (மரக்கடையின்) கதை, மீதி தம்பியின், அதாவது உங்கள் மகனின் மார்க். "தாத்தா காலத்துத் தொழில், என்னோடு முடிந்துவிடக் கூடாது" என்று தொடங்கி, "மரத்தில் இனி ஒன்றும் இல்லை, கம்ப்யூட்டர் சயின்ஸ் போட்டுவிடலாமா" என்று முடித்திருக்கிறீர்கள். இரண்டு நினைப்பும் இருப்பது தப்பில்லை. ஆனால் இரண்டையும் ஒரே வாரத்தில் பையனிடம் சொன்னால் அவன் என்னதான் செய்வான்?

அந்தக் கதையை நீங்களே இன்னொரு தடவை படித்துப் பாருங்கள். உங்கள் தாத்தா, செங்கோட்டை திருவிதாங்கூரில் இருந்த காலத்தில் ஆரியங்காவு, தென்மலைப் பக்கம் கூப்பு (காட்டில் மரம் வெட்டும் குத்தகை) எடுத்தவர், காடு தெரிந்த மனிதர். 1956-ல் எல்லை மாறி செங்கோட்டை இந்தப் பக்கம் வந்த பிறகு உங்கள் அப்பா ஸா மில் போட்டார். அவருக்குத் தேவைப்பட்டது ரம்பமும் மோட்டாரும் ஆள் நிர்வாகமும். 1996 டிசம்பரில் கோதவர்மன் வழக்கில் உச்ச நீதிமன்றம் காட்டில் மரம் வெட்டுவதைக் கட்டுப்படுத்திப் போட்ட உத்தரவுக்குப் பிறகு காட்டு மர வரத்து சுருங்க, நீங்கள் தூத்துக்குடித் துறைமுகத்துக்குப் போய் பர்மா தேக்கு எடுக்க ஆரம்பித்தீர்கள். 2014 ஏப்ரலில் மியான்மர் தடி (அறுக்காத முழு மரம்) ஏற்றுமதியை நிறுத்தியதும் கானா, ஈக்வடார் என்று மாறினீர்கள். போர்டில் பெயர் மாறவில்லை, அவ்வளவுதான். உள்ளே மூன்று பேரும் மூன்று வேறு வியாபாரம் செய்திருக்கிறீர்கள். தம்பி வந்தாலும் நீங்கள் செய்ததை அப்படியே செய்யப்போவதில்லை.

அவனுக்கு இதில் பிடிப்பு இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள ஆப்டிட்யூட் டெஸ்ட் எல்லாம் வேண்டாம் (அதை விற்கிறவர்கள் என் மேல் கோபப்படட்டும்). இந்த லீவில் ஒரு லோடு அளக்க விடுங்கள். 4 அடி சுற்றளவு, 10 அடி நீளத்தில் ஒரு தடி. சுற்றளவில் கால் பங்கு 1 அடி, அதை அதே எண்ணால் பெருக்கி நீளத்தாலும் பெருக்கி 10 கனஅடி என்று சீட்டில் எழுதுவீர்கள். அவன் பள்ளியில் படித்த உருளைக் கணக்கில் 12.73 வரும். மிச்சம் எங்கே போச்சு என்று கேட்டானானால், அறுப்பில் போகிற கழிவுக்காக வெள்ளைக்காரன் காலத்து ஹாப்பஸ் கணக்கு விட்டுக்கொடுத்த பங்கு அது என்று உட்கார வைத்துச் சொல்லுங்கள், பையனுக்கு ருசி இருக்கிறது. கேட்காமல் போனைப் பார்த்தபடியே எழுதினால் அதுவும் பதில்தான். திட்டாதீர்கள், கம்ப்யூட்டர் சயின்ஸே படிக்கட்டும்.

சரி, ருசி இருந்தால் என்ன படிப்பு? மேட்டுப்பாளையம் வனவியல் கல்லூரியில் நாலு வருட பி.எஸ்சி. வனவியல் இருக்கிறது. வேளாண் பல்கலைக்கழகத்துக்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும், பொறியியல் கலந்தாய்வில் வராது. நிறையப் பேர் இதில்தான் கோட்டை விடுகிறார்கள். அதன் பிறகு டேராடூன் வன ஆராய்ச்சி நிறுவனத்தில் மர அறிவியலில் எம்.எஸ்சி. படிக்கலாம். இயற்பியல், வேதியியல், கணிதம் படித்த பி.எஸ்சி. பட்டதாரிகளும் அதற்கு முயலலாம். இயந்திரத்தில் ஆசை என்றால் மெக்கானிக்கல் படித்துவிட்டு, பெங்களூரு மர அறிவியல் தொழில்நுட்ப நிறுவனத்தில் குறுகிய காலப் பயிற்சிக்குப் போகலாம். ஏனென்றால் இன்றைக்கு பில்டர் கனஅடிக் கணக்கில் மரம் கேட்பதில்லை, அளவுக்குச் செய்த நிலையும் கதவும் செட்டாகக் கேட்கிறார், ஈரம் 12 சதவீதத்துக்குள் இல்லாவிட்டால் மூன்று மாதத்தில் கதவு காய்ந்து சுருங்கிக் கோணிக்கொள்ளும், அவர் அடுத்த தடவை டபிள்யூபிசி (மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்த) கதவுக்குப் போய்விடுவார். மரம் உலர்த்தும் கில்ன் சூளையும், கம்ப்யூட்டர் சொல்லும் அளவில் அறுக்கிற சிஎன்சி இயந்திரமும் புரிந்த ஆள் உங்கள் கடையில் இன்று இல்லை.

படிப்பு முடிந்ததும் நேரே கல்லாவில் உட்கார வைக்காதீர்கள். இரண்டு வருடம் வெளியே, ஒரு பர்னிச்சர் கம்பெனியிலோ இறக்குமதி ஆபீசிலோ சம்பளத்துக்கு இருக்கட்டும். அப்புறம் திரும்பி வந்தால் மாதச் சம்பளம் பேசிக் கொடுங்கள். "எல்லாம் உனக்குத்தானே" என்று சொல்லி முப்பது வயதிலும் பெட்ரோலுக்குக் கைநீட்ட வைக்கிற வீடுகளிலிருந்துதான் பிள்ளைகள் பெங்களூருக்கு ஓடுகிறார்கள்.

இன்னொன்று, நீங்கள் கேட்காதது. உங்கள் மூத்த மகள் கடிதத்தில் ஒரே வரியில் வருகிறார்: பி.காம். முடித்தவர், ஜிஎஸ்டி ரிட்டர்ன் போடுவது, தூத்துக்குடி கிளியரிங் ஏஜென்ட்டிடம் பேசுவது எல்லாம் அவர்தான், "கல்யாணம் ஆகும்வரை பார்த்துக்கொள்கிறாள்". அண்ணாச்சி, அடுத்து யார் என்று தேடுகிறீர்கள். கடையை இப்போதே பாதி நடத்துகிறவரிடம் ஒரு வார்த்தை கேட்டீர்களா? அவருக்கு விருப்பம் இருந்தால் தம்பியின் படிப்பை இவ்வளவு அவசரப்பட்டு முடிவு செய்யவே தேவையில்லை. நேரில் வரும்போது இரண்டு பேரையும் கூட்டி வாருங்கள். கடைசி மூன்று வருட பேலன்ஸ் ஷீட்டும் எடுத்து வாருங்கள். கடை இரண்டு சம்பளம் தாங்குமா என்று பார்த்துவிட்டு மேலே பேசலாம்.