பாஸ்பரஸ் எட்டைத் தாண்டுவது எப்படி?

எண்ம விதிப்படி பிணைப்பில் ஓர் அணுவைச் சுற்றி எட்டு எலக்ட்ரான்கள்தானே, ஒரு பாஸ்பரஸோடு ஐந்து குளோரின் சேர்ந்த பாஸ்பரஸ் பென்டாகுளோரைடில் மட்டும் பத்து எப்படி வந்தது என்று கேட்டிருக்கிறீர்கள்.

தண்டையார்பேட்டையில் பிளஸ் ஒன், பிளஸ் டூ மாணவர்களுக்கு வேதியியல் டியூஷன் எடுக்கிறேன். வெகுகாலம் நானும் ஒரே பதிலைத்தான் ஒப்பித்தேன்: பாஸ்பரஸுக்கு 3டி ஆர்பிட்டால் என்ற, எலக்ட்ரான்கள் தங்கக்கூடிய காலி இடம் உண்டு, அதே குடும்பத்து நைட்ரஜனுக்குக் கிடையாது. ஒருநாள் கொருக்குப்பேட்டை மாணவி ஒருத்தி, "அப்படியென்றால் பாஸ்பரஸ் ஐந்து ஹைட்ரஜனோடும் சேரலாமே, ஏன் சேர்வதில்லை சார்?" என்றாள். நல்லவேளை, அந்நேரம் பார்த்து மின்சாரம் போனது.

உண்மையில் 3டி ஆர்பிட்டாலின் ஆற்றல் மிக அதிகம். பிணைப்பில் அதன் பங்கு சொற்பம். 1951-இலேயே பிமென்டெல், ரண்டில் போன்ற வேதியியலாளர்கள் வேறு வழி காட்டினார்கள். பென்டாகுளோரைடில் மேலே ஒரு குளோரின், நடுவே பாஸ்பரஸ், கீழே ஒரு குளோரின் என மூன்றும் ஒரே நேர்கோட்டில் நிற்கின்றன. இம்மூன்றுக்கும் சேர்த்து நான்கு எலக்ட்ரான்கள். இரண்டுதான் மூன்றையும் பிணைக்கின்றன. மற்ற இரண்டும் குளோரின்களிடமே தங்கிவிடுகின்றன. ஆக, பாஸ்பரஸைச் சுற்றிப் பிணைப்பில் இருப்பவை எட்டுதான். பத்து என்பது புள்ளி வைத்து எண்ணுகிற நம் கணக்கு. மூன்று அணுக்களுக்கு ஒரே ஜோடி என்பதால் அந்த நேர்கோட்டுப் பிணைப்புகள் சற்றுத் தளர்ந்தவை: நீளம் 214 பிகோமீட்டர் (மீட்டரில் லட்சம் கோடியில் ஒரு பங்கு ஒரு பிகோமீட்டர்). நடுத்தளத்தில் உள்ள மூன்றும் 202தான்.

மிஞ்சும் ஜோடியை வாங்கி வைத்துக்கொள்ள வெளி அணுவுக்கு இழுக்கும் வலு வேண்டும். அந்த வலுவைச் சொல்வதுதான் எலக்ட்ரான் கவர்தன்மை. பாலிங் அளவுகோலில் அது குளோரினுக்கு 3.16, பாஸ்பரஸ் 2.19, ஹைட்ரஜன் 2.20. அந்த மாணவிக்கான பதில் இந்த எண்களிலேயே இருக்கிறது: ஹைட்ரஜனின் இழுப்பு பாஸ்பரஸின் அளவுதான், மிஞ்சும் ஜோடியை அதனால் வாங்கி வைத்துக்கொள்ள முடியாது.

நைட்ரஜனின் சிக்கல் வேறு. அணு மிகச் சிறியது. இழுப்பதில் முதலிடம் பிடிக்கும் புளோரினே வந்தாலும் ஐந்தைச் சுற்றி நிறுத்த இடமில்லை, மூன்றோடு நின்றுவிடுகிறது. கந்தகம் பெரியது, ஆறு புளோரினைத் தாங்குகிறது. அங்கும் பன்னிரண்டில் நான்கு எலக்ட்ரான்கள் புளோரின்களிடமே இருக்கின்றன. துணைமின் நிலையங்களின் உயர் மின்னழுத்தப் பிரேக்கர்களில் தீப்பொறியை அணைக்க நிரப்பப்படுவது இந்த ஹெக்ஸாபுளோரைடு வாயுதான். அன்று மின்சாரம் போனதற்கும் இதற்கும் தொடர்பில்லை!

மறுவாரம் வகுப்பில் இதையெல்லாம் விளக்கினேன். தேர்வில் எதை எழுதுவது என்று அதே மாணவி கேட்டாள். பாடநூலில் இருப்பதையே எழுதச் சொன்னேன்.