புளி போட்டுத் தேய்த்துவிடாதீர்கள்!

கேள்வி: எங்கள் ஐயா வட்டிக்கடையின் கடைநிலை ஆளான பெட்டியடிப் பையனாக ரங்கூன் போய், மேலாளாக உயர்ந்து, 1941-இல் ஊர் திரும்பியவர். பங்கு பிரிக்கப் பெட்டகத்தைத் திறந்தபோது ஒரு தகர டப்பா கிடைத்தது. உள்ளே வெள்ளைக் கல்லில் பதிந்த சிவப்புக் கல் ஒன்றும், உதிரியாக நான்கு சிறு சிவப்புக் கற்களும் இருக்கின்றன. பர்மாவின் மாணிக்கச் சுரங்க ஊரான மோகோக்கில் வாங்கியவை என்று 84 வயது அத்தை சொல்கிறார். வெள்ளைக் கல்லை உடைத்துவிட்டுப் பட்டை தீட்டினால் மோதிரத்துக்கு ஆகும் என்கிறார் ஆசாரி. முதலில் புளி போட்டுத் தேய்க்கச் சொல்கிறார் அம்மா. என்ன செய்யலாம்? படம் அனுப்பியிருக்கிறேன்.
– வாசகி, தேவகோட்டை

பதில்: இரண்டையும் செய்யாதீர்கள், அம்மா.

முதலில் புளி. பித்தளைக் குத்துவிளக்குக்கு அது சரி. இந்த வெள்ளைக் கல்லோ, சலவைக்கல் வகை. வீட்டு முகப்பில் பாவிய சலவைக்கல்லில் எலுமிச்சைச் சாறு சிந்தினால் அந்த இடம் மங்கிப் போகும், பார்த்திருப்பீர்கள். எந்தப் புளிப்பும் அதை அரித்துவிடும். சிவப்புக் கல்லுக்கு ஒன்றும் ஆகாது. அது உட்கார்ந்திருக்கும் ஆசனம்தான் கரையும். மெல்லிய ஓவியத் தூரிகையால் தூசியைத் தட்டுங்கள், போதும். தூக்கும்போது வெள்ளைக் கல்லைப் பிடித்துத் தூக்குங்கள். பஞ்சில் பொதிய வேண்டாம், இழைகள் சிக்கிக்கொள்ளும்.

ஆசாரி சொன்னது நகைக் கணக்கு. பட்டை தீட்டினால் எடையில் பாதிக்கு மேல் தூளாகிவிடும். மிஞ்சுவது ஆயிரத்தோடு ஆயிரத்தொன்றாக ஒரு மோதிரக் கல். மோகோக்கில் மாணிக்கம் சலவைக்கல்லுக்குள்தான் விளைகிறது. விளைந்த இடத்திலேயே, விளைந்த வடிவத்தோடு இருக்கும் கல்லைத்தான் படிகம் சேகரிப்பவர்கள் தேடுகிறார்கள். உடைத்த பிறகு எத்தனை லட்சம் கொடுத்தாலும் அதைத் திரும்ப ஒட்ட முடியாது.

உங்கள் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். வெள்ளையில் பதிந்த கல்லுக்கு ஆறு பக்கங்கள், தட்டையான தலை, அதன் மேல் மிகச் சிறிய முக்கோணக் கோடுகள். அது மாணிக்கத்தின் சாயல். உதிரிக் கற்களின் வடிவமே வேறு: இரண்டு கூர்நுனிக் கோபுரங்களை அடியோடு அடி ஒட்டியதுபோல் எட்டு முகங்கள். அவை ஸ்பினலாக இருக்கலாம்; மாணிக்கம்போலவே சிவக்கும் வேறொரு ரத்தினம் அது. ஏமாற்றமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பிரிட்டிஷ் அரச கிரீடத்தில் ‘கறுப்பு இளவரசரின் மாணிக்கம்’ என்று பெயர் வாங்கிய கல்லே ஸ்பினல்தான். இப்படி முகம் பிசகாமல் விளைந்த ஸ்பினலை ‘நாட்’ தெய்வங்கள் பட்டை தீட்டிய கல் என்றே பர்மியர்கள் சொல்வார்கள். தெய்வம் தீட்டியதை நாம் ஏன் திரும்பத் தீட்ட வேண்டும்?

படத்தை வைத்து முடிவு சொல்வது தவறு. செயற்கை மாணிக்கம் 1900-களின் தொடக்கத்திலேயே விற்பனைக்கு வந்துவிட்டது. புறஊதா டார்ச் அடித்துச் சிவப்பாக ஒளிர்ந்தால் அசல் என்பார்கள். செயற்கைக் கல்லும் ஒளிரும், ஸ்பினலும் ஒளிரும். அந்த டார்ச்சுக்கு வேறு உபயோகம் உண்டு. கல்லும் வெள்ளையும் சேரும் விளிம்பில் நீலவெண்மையாக ஒரு கோடு தெரிந்தால், பசை வைத்து ஒட்டியிருக்கிறார்களோ என்று சந்தேகப்படலாம். ரத்தினப் பரிசோதனைக் கூடத்தில் கொடுக்கும்போது, சேதமில்லாத சோதனை மட்டும் செய்யும்படி எழுதிக் கொடுங்கள். அறிக்கை வரும்வரை விலை பேசாதீர்கள்.

சேகரிக்கும் ஆசை வந்துவிட்டால் மாணிக்கத்தில் தொடங்க வேண்டாம். புனே பக்கத்துப் பாறைகளில் கிடைக்கும் அபோபிலைட், ஸ்டில்பைட் படிகங்கள் கண்ணுக்கு நிறைவானவை, கைக்கும் அடக்கமானவை.

ஒரு வேலையை மட்டும் இந்த வாரமே செய்யுங்கள். எந்த ஊரில் கிடைத்தது என்று தெரியாத படிகத்துக்குச் சேகரிப்பாளர்களிடம் மதிப்புக் குறைவு. அத்தையின் பக்கத்தில் உட்கார்ந்து அவர் சொல்வதைச் சொன்னபடியே எழுதி, தேதி போட்டு, டப்பாவுக்குள் வையுங்கள். டப்பாவையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ஐயாவின் பேரேடுகள் பரணில் இருந்தால், கல் வாங்கிய பற்று ஏதும் இருக்கிறதா என்று புரட்டிப் பாருங்கள். கிடைத்தால் எனக்கும் ஒரு வரி எழுதுங்கள்.