மின்சாரக் காரில் வெளியூர்ப் பயணம்: கேட்டவையும் சொன்னவையும்

கே: அண்ணா, 45 யூனிட் பேட்டரி வண்டி எடுத்திருக்கிறேன். சான்றிதழில் ஒரு முழு சார்ஜுக்கு 489 கி.மீ. சென்னையிலிருந்து மதுரை 460 கி.மீ. சொச்சம்தானே, நிற்காமல் போய்விடலாமா?

ப: முடியாது தம்பி. அந்த எண் சோதனைக்கூடத்தில் உருளை மேல் மெதுவாக ஓட்டி எடுத்தது. நான்குவழிச் சாலையில் 100 வைத்து மிதித்தால் யூனிட்டுக்கு ஆறு கி.மீ. சொச்சம்தான் கிடைக்கும்; முழு பேட்டரிக்கு 280 என்று வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் நூறு சதவீதம் ஏற்றிக் கிளம்பினால் உளுந்தூர்பேட்டை பக்கம் 30-ஐ ஒட்டி இருக்கும். அங்கே டிபன் சாப்பிடும் நேரத்தில் 80 வரை ஏற்றுங்கள். திருச்சியில் இன்னொரு இருபது நிமிடம் நின்றால் மதுரை வந்துவிடும். 80-க்கு மேல் காத்திருக்காதீர்கள். அதற்குப் பிறகு பேட்டரி மின்சாரத்தை மெதுவாகத்தான் வாங்கும். கடைசி 20 சதவீதத்துக்குக் காத்திருக்கும் நேரத்தில் கொஞ்ச தூரம் போய்விடலாம்.

கே: ஏசியை அணைத்தால் ரேஞ்ச், அதாவது ஒரு சார்ஜில் ஓடும் தூரம், கூடுமா சார்?

ப: கொஞ்சம். மே மாத வெயிலில் ஏசி மணிக்கு ஒன்றிரண்டு யூனிட் எடுக்கும். ஆனால் 100-லிருந்து 80-க்கு இறங்கினால் காற்றின் எதிர்ப்பு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறையும். வேகத்தைக் குறையுங்கள், பிள்ளைகளை வேகவைக்காதீர்கள்.

கே: ஊட்டிக்குப் போக பயமாக இருக்கிறது. ஏற்றத்தில் சார்ஜ் தீர்ந்துவிட்டால்?

ப: கணக்கு போட்டால் பயம் போய்விடும். மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு ஏறத்தாழ 1,900 மீட்டர் உயரம். ஆட்களும் சாமானும் சேர்த்து 1,750 கிலோ வண்டியை அவ்வளவு மேலே தூக்க 9 யூனிட் வேண்டும். மோட்டாரில் போகும் இழப்பு, ஐம்பது கி.மீ. சாலைச் செலவு எல்லாம் சேர்த்தால் 16, 17 யூனிட். மேட்டுப்பாளையத்தில் 60 சதவீதம் இருந்தால் நிம்மதியாக ஏறலாம். இறங்கும்போது மோட்டாரே ஜெனரேட்டராக வேலை செய்யும். கீழே வரும்போது சில சதவீதம் கூடியே இருக்கும். ஒன்று மட்டும் முக்கியம்: ஊட்டியில் நூறு வரை ஏற்றிவிட்டு இறங்காதீர்கள். நிறைந்த பேட்டரியில் திருப்பி அனுப்பும் மின்சாரத்துக்கு இடம் இருக்காது. முழுச் சுமையும் சாதா பிரேக் மேல் விழும். 85, 90 போதும்.

கே: லாட்ஜில் 15 ஆம்ப் பிளக்கில் போடலாமா?

ப: போடலாம், ராத்திரி முழுக்கப் போட்டால் பாதிக்கு மேல் ஏறும். ஆனால் எர்த் சரியில்லாத இடத்தில் சார்ஜர் சிவப்பு விளக்கு காட்டி நின்றுவிடும். அறை எடுக்கும் முன்பே மேனேஜரிடம் கேட்டு, ஐந்து நிமிடம் போட்டுப் பாருங்கள். எக்ஸ்டென்ஷன் பெட்டி மட்டும் வேண்டவே வேண்டாம், ராத்திரி முழுக்க 13, 15 ஆம்ப் ஓடினால் உருகிவிடும்.

கே: வழியில் இருந்த சார்ஜரில் 60 கிலோவாட் என்று போட்டிருந்தது, எனக்கு 30தான் வந்தது. ஏமாற்றா?

ப: அதே சார்ஜரின் பக்கத்து கன்னில் (வண்டியில் செருகும் கைப்பிடி) இன்னொரு வண்டி நின்றிருக்கும். பல சார்ஜர்களில் இருக்கிற சக்தியைப் பாதிப் பாதியாகப் பிரித்துத்தான் கொடுக்கும்.

கே: பொங்கலுக்குக் குடும்பத்தோடு ஊருக்குப் போகிறோம். வேறு ஏதாவது சொல்லுங்களேன்.

ப: சார்ஜர் இருக்கும் இடத்தைக் காட்டும் ஆப்பில் பச்சையாகக் காட்டுகிறது என்று மட்டும் நம்பிப் போகாதீர்கள். அன்றைக்கு அங்கே யாராவது ஏற்றியிருக்கிறார்களா என்று பாருங்கள். 20 சதவீதம் மிச்சத்தோடு நிற்கும்படி இடத்தைத் தேர்ந்தெடுங்கள். அங்கே சார்ஜர் வேலை செய்யாவிட்டால் அடுத்ததற்குப் போக அந்த மிச்சம் போதும். பண்டிகைக்கு முந்தின நாள் சாயங்காலம் கிளம்பாதீர்கள், எல்லா கன்னிலும் வரிசை நிற்கும். விடியற்காலை நான்கு மணி நல்லது.