பைக் பின் டயர் நடுவுல மட்டும் தட்டையாயிருச்சு, ஓரம் புதுசா இருக்கு, ரேஸ் ட்ராக்ல மாதிரி வளைவுல இன்னும் சாய்க்கணுமா?

வேணவே வேணாம் தம்பி. நுவரெலியா பக்கம் ரம்பொட மலை ரோட்டுல டயர் ஓரத்துல மிச்சமிருக்கிற ரப்பர், திடீர்னு பஸ் உங்க பக்கம் ஏறி வந்தா அவசரத்துக்கு சாய்க்க இருக்கிற இடம், அதை தேய்ச்சு முடிக்கணும்னு நினைக்காதீங்க. நடு தேயுறது நேர் ரோட்டு ஓட்டத்தாலயும் ஏத்தத்துல எஞ்சின் இழுவை முழுக்க பின் டயர்ல விழுறதாலயும்தான். தட்டையானதும் பைக் முதல்ல சாய மாட்டேங்கும், அப்புறம் அந்த விளிம்பு தாண்டினதும் பொசுக்குன்னு விழும், அது உங்க ஓட்டுற பிழை இல்ல, டயரை மாத்துங்க, புதுசு போட்டா முதல் 150 கிலோமீட்டர் மெதுவா போங்க.

ட்ராக் வேற உலகம், டயர் சூடா இருக்கும், எதிர்ல யாரும் வர மாட்டாங்க. அங்கயே 2013ல ஆஸ்திரேலியா பிலிப் ஐலண்ட் மோட்டோஜிபி பைக் ரேஸ்ல, டயர் தாங்காதுன்னு 19 லேப்பா (சுத்தா) குறைச்சு, நடுவுல பைக் மாத்த வச்சாங்க.

நம்ம ரோட்டுல பனி ஈரம், லொறி சிந்தின டீசல், மழைக்கு சரிஞ்ச மண்ணு எல்லாம் பெண்டுக்குள்ளதான் (வளைவுக்குள்ள) கிடக்கும். அதனால நேரா இருக்கும்போதே பிரேக் புடிச்சு கியர் குறைங்க, பெண்டு முடியுற இடத்தை பாருங்க, உடம்பை மட்டும் கொஞ்சம் உள்பக்கம் சாய்ச்சா அதே வேகத்துக்கு பைக் குறைவா சாஞ்சா போதும். வலது பெண்டுல மட்டும் ரொம்ப கவனம், சக்கரம் நம்ம பக்கம் இருந்தாலும் தலை நடுக்கோட்டை தாண்டிரும், எதிர்ல லொறி வந்தா தப்பிக்க நேரமே இருக்காது. டயர் காத்தை காலையில, ஓட்டுறதுக்கு முன்னாடியே பாருங்க.