கரையில் நிற்கும் படகுக்குக் காவல்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

டிரெய்லரில் நிற்கும் படகைத் திருடப் படகு ஓட்டத் தெரிந்திருக்க வேண்டியதில்லை, கார் ஓட்டத் தெரிந்தால் போதும். இந்த முறை வந்த கேள்விகளில் பாதி, எந்த ஜி.பி.எஸ் கருவி வாங்கலாம் என்பதுதான். அதற்கும் பதில் இருக்கிறது, ஆனால் முதலில் வேறு சில விஷயங்கள்.

கேள்வி: டிரெய்லரின் கப்ளரில், அதாவது அதை வண்டியோடு இணைக்கும் முன்முனையில், பூட்டு போட்டிருக்கிறேன். அது போதாதா?

எந்த மாதிரிப் பூட்டு என்பதைப் பொறுத்தது. கப்ளரின் நெம்புகோலில் உள்ள துளையில் மாட்டும் சின்னப் பூட்டு என்றால், அது ஓடும்போது டிரெய்லர் கழன்றுவிடாமல் இருப்பதற்கானது. நிற்கும்போது, இழுக்கும் வண்டியின் பின்னால் உள்ள இரும்புப் பந்து உட்காரும் குழி திறந்தேதான் இருக்கும். அளவில் சிறிய பந்தைச் செருகி மெதுவாக இழுத்துப் போய்விடலாம். குழியையே இரும்பால் அடைத்து, நெம்புகோலையும் மூடிவிடும் பூட்டு இதைவிட எவ்வளவோ மேல்.

அதையும் தாண்ட வழி உண்டு. கப்ளரைத் தொடாமலே, டிரெய்லரின் முன்கம்பியைச் சங்கிலியால் வண்டியோடு கட்டி இழுக்கலாம். நெடுந்தூரம் போக முடியாது, ஆனால் வசதியாகப் பூட்டை அறுக்க ஓர் ஒதுக்குப்புறம் வரை போனால் அவர்களுக்குப் போதுமே. எனவே கப்ளர் பூட்டை மட்டும் நம்பாதீர்கள். சக்கரம் உருளாமல் செய்ய வேண்டும்.

கேள்வி: சக்கரம் உருளாமல் பிடிக்கும் கிளாம்ப் போடுவதா, சக்கரத்தையே கழற்றி வைப்பதா?

மாதக்கணக்கில் சொந்த இடத்தில் நிற்கப்போகிறது என்றால், கழற்றிவிடுங்கள். டிரெய்லரின் சட்டத்தை உறுதியான ஸ்டாண்டுகளில் நிறுத்துங்கள், படகின் அடிப்பகுதியில் முட்டுக் கொடுக்காதீர்கள். டயருக்கும் அது நல்லது, ஒரே இடத்தில் பாரம் அழுந்தி உருக்குலையாது. ஒன்றை மறந்துவிட வேண்டாம்: நான்கு பக்கமும் யோசித்துச் சக்கரங்களைக் கழற்றியவர்கள், ஸ்டெப்னியை டிரெய்லரின் முன்கம்பியிலேயே விட்டு வைக்கிறார்கள். வருகிறவனுக்கு ஒரு பக்கத்து வேலை மிச்சம்.

வாடகை இடமென்றால் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். பலர் அனுமதிப்பதில்லை, வேறொருவரின் படகை எடுக்க உங்களுடையதை நகர்த்த வேண்டி வரும். வெள்ளமோ தீயோ வரக்கூடிய இடத்திலும் சக்கரம் இல்லாத டிரெய்லர் தொல்லைதான். அங்கே கிளாம்ப் போடுங்கள். ஆனால் சக்கரத்தின் நட்டுகளை மூடுகிற வகையாக இருக்கட்டும். நட்டு வெளியே தெரிந்தால், கிளாம்போடு சேர்த்துச் சக்கரத்தையே கழற்றி வைத்துவிட்டு வேறு சக்கரம் மாட்டிக்கொண்டு போவார்கள்.

கேள்வி: சங்கிலி எவ்வளவு தடிமன் இருக்க வேண்டும்?

கடினப்படுத்திய எஃகில் 12 மி.மீ. அல்லது அதற்கு மேல். சாதாரணக் கடைச் சங்கிலி எவ்வளவு தடித்தாலும் அந்த வலிமைக்கு வராது. பூட்டு வாங்கும்போது இ.என். 12320 என்ற ஐரோப்பியத் தரத்தின் எண்ணைப் பாருங்கள்: 1 முதல் 6 வரை, எண் கூடக் கூட வலிமை கூடும். வளையம் வெளியே நீட்டிக்கொண்டிராமல் உடலுக்குள் ஒடுங்கியிருக்கும் பூட்டு நல்லது.

மாட்டும் விதத்திலும் விஷயம் இருக்கிறது. சங்கிலி தரையில் கிடந்தால் போல்ட் கட்டரின் ஒரு கைப்பிடியைத் தரையில் ஊன்றி, மறுபிடியில் உடல் பாரத்தையே போட்டு நறுக்கலாம். தரையைத் தொடாமல், தொய்வில்லாமல், சக்கரத்தின் துளை வழியாகச் சட்டத்தைச் சுற்றி, கான்கிரீட்டில் பதித்த கொண்டியில் மாட்டுங்கள். ஆங்கிள் கிரைண்டருக்கு எதுவும் நிற்காது, உண்மை. ஆனால் அது சத்தம் போடும், தீப்பொறி பறக்கும், நேரம் எடுக்கும். அந்த நேரத்துக்குத்தான் நாம் காசு கொடுக்கிறோம்.

கேள்வி: ஜி.பி.எஸ் டிராக்கர் வாங்கலாமா?

வாங்கலாம், மேலே சொன்னவற்றுக்குப் பிறகு. போன படகு எங்கே என்று சொல்லத்தான் டிராக்கர், போகாமல் தடுக்க அல்ல. அசையும்போது மட்டும் விழித்துக்கொள்ளும் வகை வாங்கினால் பேட்டரி மாதக்கணக்கில் தாங்கும். ஃபைபர் கிளாஸ் வழியே சிக்னல் போகும், அலுமினியம் மறைத்துவிடும். அலுமினியப் படகில் இருக்கைக்கு அடியில் பிளாஸ்டிக் மூடியுள்ள இடமாகப் பாருங்கள். தகரக் கொட்டகைக்குள் நின்றால் வெளியே வரும் வரை இடம் காட்டாமலும் போகலாம்.

சாவிக்கொத்தில் மாட்டும் ஏர்டேக் போன்ற புளூடூத் வில்லை மலிவுதான். ஆனால் பக்கத்தில் யாராவது கைப்பேசியோடு போனால்தான் அது பேசும். போதாததற்கு, ஒருவரைத் தெரியாமல் பின்தொடர்வதைத் தடுக்கும் ஏற்பாடு ஒன்று அதில் உண்டு. ‘உங்களோடு ஒரு வில்லை பயணிக்கிறது’ என்று திருடனின் கைப்பேசிக்கே செய்தி போய்விடும். இரண்டாவது காவலாக வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: படகை விட என்ஜின்தான் கவலை.

நியாயமான கவலை. கையால் திருகி மாட்டும் சின்ன அவுட்போர்டை (படகின் பின்பலகையில் வெளிப்புறமாக மாட்டும் என்ஜின்) வீட்டுக்குள் எடுத்துப் போய்விடுங்கள். போல்ட் போட்ட பெரியதற்கு, தனிச் சாவியால் மட்டும் திரும்பும் பூட்டு நட்டு கிடைக்கும். புரொப்பெல்லருக்கும் அதே மாதிரி உண்டு. முழு என்ஜினை விட்டுவிட்டு, தண்ணீருக்குள் இருக்கும் கியர் பகுதியை மட்டும் சில போல்ட்டுகளைக் கழற்றிக் கொண்டுபோவதும் நடக்கிறது. பின்பக்கம் சுவரை ஒட்டி நின்றால் அதற்குக் கை நுழையாது. ஆனால் அப்போது கப்ளர் வாசலைப் பார்க்கும், அங்கே இன்னொரு வண்டியைக் குறுக்கே நிறுத்துங்கள்.

மீன் தேடும் கருவி, ரேடியோ, பேட்டரி எல்லாம் வீட்டுக்கு.

கேள்வி: தார்ப்பாய் போட்டு மூடினால் பாதுகாப்பா?

உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாது, அவ்வளவுதான். பளபளப்பான பிராண்டு பெயர் எழுதிய உறை விளம்பரமாகிவிடும்.

கேள்வி: திருடு போனால் என்னுடையது என்று எப்படி நிரூபிப்பது?

படகின் பின்பலகையில் வலப்பக்கம் மேலே ஹல் எண், அதாவது படகின் அடையாள எண், இருக்கும். அமெரிக்க வடிவில் 12 எழுத்தும் இலக்கமும், நாட்டுக் குறியும் சேர்ந்த சர்வதேச வடிவில் 14. அமெரிக்காவில் 1984 ஆகஸ்டு முதல் கட்டியவற்றில் அதே எண் மறைவான இன்னோரிடத்திலும் இருக்க வேண்டும், வெளி எண்ணைச் சுரண்டினாலும் அது காட்டிக் கொடுக்கும். டிரெய்லருக்கும் என்ஜினுக்கும் தனித்தனி எண்கள். மூன்றையும் படமெடுத்து வீட்டில் வையுங்கள். பதிவுத் தாள்களைப் படகுக்குள் வைப்பது, திருடனுக்கு விற்பனைப் பத்திரத்தையும் சேர்த்துக் கொடுப்பது.

இன்ஷூரன்ஸ் பாலிசியையும் ஒருமுறை வாசியுங்கள். எந்தப் பூட்டு இருந்தால் இழப்பீடு, டிரெய்லர் தனிக் கணக்கா என்பது அதில் எழுதியிருக்கும். பூட்டு வாங்கிய ரசீது அப்போது உதவும்.

கேள்வி: உப்புக் காற்றில் பூட்டு இறுகிவிட்டது, சாவி திரும்பவில்லை.

பலமாகத் திருகாதீர்கள், சாவி உள்ளேயே உடையும். ஊடுருவும் எண்ணெயைத் துளைக்குள் அடித்து, சில மணி நேரம் விட்டு, சாவியை முன்னும் பின்னும் மெல்ல அசையுங்கள். திறந்த பிறகு நல்ல தண்ணீரில் கழுவி, காயவைத்து, பூட்டுக்கென விற்கும் மசகைப் போடுங்கள். மாதம் ஒருமுறை திறந்து மூடினால் மறுபடி இறுகாது.