நூறாண்டுப் பழைய சிலேட்டுக் கூரை: கல்லைப் பார்க்கும் முன் ஆணியைப் பாருங்கள்

கேள்வி: பிரிட்டனில் நூறாண்டைக் கடந்த சிலேட்டுக் கூரை (மெல்லிய கல் ஏடுகளால் வேய்ந்த கூரை) வீட்டை வாங்கலாமா? கூரை முழுவதையும் மாற்ற வேண்டியிருக்குமா?

தாராளமாக வாங்கலாம். ஆனால், பழுதானது கல்லா, கல்லைப் பிடித்திருக்கும் ஆணியா என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். வடக்கு வேல்ஸில், 1890களில் கட்டிய வரிசை வீடு ஒன்றில் பதினொரு ஆண்டுகளாகக் குடியிருக்கும் நான், இந்த வேறுபாடு தெரியாமல் நல்லதொரு கூரையை இழக்க இருந்தேன்.

குடிவந்த ஆண்டின் குளிர்காலப் புயலில் ஆறு சிலேட்டுகள் நழுவி இறவாரத்தில் வந்து நின்றன. பார்க்க வந்த ஒப்பந்தக்காரர், கூரையின் ஆயுள் முடிந்துவிட்டது, எல்லாவற்றையும் இறக்கிவிட்டுக் கான்கிரீட் ஓடு போட வேண்டும் என்றார். அந்த ஓட்டின் எடை சிலேட்டைவிட மிக அதிகம். பழைய கைமரங்கள் அதைத் தாங்குமா என்பதைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. நல்லவேளையாகப் பக்கத்து வீட்டுக்காரர், வாழ்நாள் முழுவதும் கூரை வேலை செய்த முதியவர் ஒருவரை அழைத்து வந்தார். அவர் நழுவிய கல் ஒன்றை இரு விரல்களில் தொங்கவிட்டு, மறுகையின் விரல் முட்டியால் தட்டினார். வெண்கலக் கிண்ணம்போலக் கணீரென்று ஒலித்தது. கல் பேரப்பிள்ளைகள் காலத்துக்கும் வரும், ஆணிதான் போய்விட்டது என்றார். இரும்பாணி துருவேறி அறுந்துபோவதற்குக் கூரைத் தொழிலாளர்கள் வைத்திருக்கும் பெயரே ‘ஆணி நோய்’ என்பதுதான்.

கல் அவ்வளவு காலம் நிற்பதற்குக் காரணம் அதன் பிறப்பில் இருக்கிறது. வடக்கு வேல்ஸின் பெத்தெஸ்டா, லன்பெரிஸ் மலைகளின் சிலேட்டு, ஏறத்தாழ 50 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியில் படிந்த நுண்சேறு. பிற்காலத்தில் மலைகள் எழுந்தபோது ஏற்பட்ட பேரழுத்தத்தில் அதன் கனிமத் துகள்கள் ஒரே திசையில் அணிவகுத்ததால், உளி வைத்துத் தட்டினால் மெல்லிய ஏடுகளாகப் பிரிகிறது, நீரையும் மிகக் குறைவாகவே உறிஞ்சுகிறது. கடல்வழி சென்ற சிலேட்டின் மீதான வரி 1831இல் நீங்கியதும், 1836இல் ஃபெஸ்டினியோக் இருப்புப்பாதை அந்தப் பகுதிச் சுரங்கங்களைப் போர்த்மடோக் துறைமுகத்தோடு இணைத்ததும் வேல்ஸ் சிலேட்டை உலகெங்கும் கொண்டு சென்றன. 1842 பெருந்தீக்குப் பின் மீண்டும் எழுந்த ஹாம்பர்க் நகரத்துக்கும் இங்கிருந்துதான் சிலேட்டு போனது. பெத்தெஸ்டாவின் பென்ரின் சுரங்கத் தொழிலாளர்கள் 1900 முதல் 1903 வரை வேலைநிறுத்தம் செய்து பட்டினி கிடந்தபோது, வேலைக்குத் திரும்பியவர் யாரும் தங்கள் வீட்டில் இல்லை என்று காட்ட, ‘இந்த வீட்டில் துரோகி இல்லை’ என்று எழுதிச் சன்னல்களில் வைத்திருந்தார்கள். அந்தக் கைகள் பிளந்த கல்லைக் குப்பையில் கொட்டுவதற்கு எனக்கு மனம் வரவில்லை.

பழுது பார்க்கும் முறையை நீங்களும் தெரிந்து வைத்திருப்பது நல்லது. ஒவ்வொரு சிலேட்டின் ஆணியையும் மேல்வரிசைக் கல் மூடியிருப்பதால், நடுவில் உடைந்த ஒன்றை எடுக்க, நுனியில் கொக்கியுள்ள நீண்ட தட்டைக் கத்தியைக் கல்லுக்கு அடியில் செலுத்தி, ஆணியில் மாட்டி, பிடியைச் சுத்தியலால் அடித்து ஆணியை அறுக்கிறார்கள். புதுக் கல்லுக்கு ஆணியடிக்க இடம் இராது. ஆகவே செம்பு அல்லது ஈயப் பட்டை ஒன்றைக் கீழ்வரிசைக் கற்களின் இடைவெளி வழியே ரீப்பரில் அறைந்து, கல்லை மேலே செருகி, பட்டையின் நுனியை அதன் கீழ் விளிம்பின் மேல் மடித்துவிடுகிறார்கள். என் வீட்டில் ஆறு கற்களும் அப்படியே திரும்ப ஏறின. ஆண்டுதோறும் பல இடங்களில் நழுவத் தொடங்கினால் ஒட்டுவேலை போதாது. கூரையைப் பிரித்து, நல்ல கற்களைத் தரம் பிரித்து, செம்பாணி கொண்டு மீண்டும் வேய வேண்டும். ஐந்தாண்டுகளுக்குப் பின் எங்கள் பின்பக்கச் சரிவை அப்படித்தான் வேய்ந்தோம். பெரும்பாலும் பழைய கற்களே போதுமானவையாக இருந்தன.

கூரையின் மேல் தார் பூசிய துணி ஒட்டியிருந்தாலோ, அடியில் நுரை தெளித்திருந்தாலோ மிகுந்த எச்சரிக்கை தேவை. இரண்டுமே ஈரத்தை உள்ளே அடைத்து மரத்தை உளுக்கச் செய்யக்கூடியவை. நுரை தெளித்த வீட்டுக்குக் கடன் தர மறுக்கும் வங்கிகளும் உண்டு. தார் ஒட்டிய கல்லை மறுபடி பயன்படுத்துவதும் அரிது.

எல்லாச் சிலேட்டும் வேல்ஸ் சிலேட்டு அல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும். சுண்ணாம்புச் சத்து மிகுந்த கல் நகரத்து அமில மழையில் ஏடு ஏடாக உரியும். தட்டினால் மங்கிய ஒலிதான் வரும். அத்தகைய கல்லை ஆணி மாற்றிக் காப்பாற்ற முடியாது. வீட்டைப் பார்க்கப் போகும்போது மழைநீர் வடிகாலில் கற்செதில்கள் குவிந்திருக்கின்றனவா என்று பாருங்கள். பகலில் பரண் மேல் ஏறி விளக்கை அணைத்துவிட்டு, வெளிச்சம் எங்கே கசிகிறது என்றும் பாருங்கள். புகைபோக்கியின் அடியிலும் இரு சரிவுகள் கூடும் பள்ளத்திலும் உள்ள ஈயத் தகடுகள், கல்லுக்கு முன்பே பழுதாகிவிடும். ஒழுக்கு பெரும்பாலும் அங்கேதான் தொடங்கும். கூரை மேல் யாரையும் நடக்க விடாதீர்கள், மிதித்த இடத்தில் நல்ல கல்லும் விரிசல் காணும்.