க்ரூஸ் போகும்போது கப்பல்காரர்கள் விற்கும் டூரையே எடுக்க வேண்டுமா, நாமே இறங்கிச் சுற்றிப் பார்க்கலாமா?

கேள்வி: முதல் முறையாக மத்தியதரைக் கடலில் 7 இரவு க்ரூஸ் போகிறோம். பார்சிலோனா, மார்செய், லிவோர்னோ, சிவிட்டாவெக்கியா, நேப்பிள்ஸ் என்று ஐந்து இடங்களில் கப்பல் நிற்கிறது. அம்மா, அப்பாவும் உடன் வருகிறார்கள். கப்பலில் விற்கும் டூர்கள் விலை அதிகமாகத் தெரிகிறது. தனியாகப் போனால் கப்பலை விட்டுவிடுவோமோ என்றும் பயம். எப்படித் திட்டமிடுவது?

பதில்:

நான் நான்கு முறை க்ரூஸ் போயிருக்கிறேன். முதல் முறை பயந்துகொண்டு எல்லாத் துறைமுகத்திலும் கப்பல் டூரையே எடுத்தேன். இரண்டாம் முறை, எல்லாம் தெரிந்துவிட்டது என்ற நினைப்பில், ஒன்றுகூட எடுக்கவில்லை. இரண்டுமே தப்பு. மொத்தப் பயணத்துக்கும் சேர்த்து ஒரு முடிவு எடுக்காமல் துறைமுகத்துக்குத் துறைமுகம் தனித்தனியாக யோசிக்க வேண்டும் என்பது மூன்றாவது பயணத்தில்தான் பிடிபட்டது.

இப்போது ஒவ்வொரு ஊருக்கும் நான் கேட்டுக்கொள்வது ஒரே ஒரு கேள்வி: போகிற இடத்திலிருந்து கப்பலுக்குத் திரும்பி வர எத்தனை வழி இருக்கிறது? நடந்தே வந்துவிடலாம், இல்லையென்றால் பஸ், அதுவும் போனால் டாக்ஸி என்று இருந்தால் யோசிக்காமல் தனியாகப் போகலாம். ஒரே வழிதான், அதுவும் நீளமான வழி என்றால் கப்பல் டூரைப் பற்றி யோசிக்கத்தான் வேண்டும். கப்பலின் சொந்த டூர் பஸ் போக்குவரத்தில் மாட்டிக்கொண்டால் கப்பல் காத்திருக்கும். காத்திருக்க முடியாமல் போனாலும் உங்களை அடுத்த ஊரில் சேர்ப்பது அவர்கள் பொறுப்பு. நீங்களாகப் போய்த் தாமதமானால் கப்பல் கிளம்பிவிடும். 2024 மார்ச்சில் ஆப்பிரிக்காவின் சாவோ டோமே தீவில் இது நடந்தது. வெளியார் நடத்திய டூருக்குப் போய்த் தாமதமாக வந்த எட்டுப் பேரை விட்டுவிட்டுக் கப்பல் போய்விட்டது. அவர்கள் பல நாடுகளைக் கடந்து காம்பியாவுக்குப் போனால், அங்கே கப்பலால் நிற்க முடியவில்லை. கடைசியில் செனகலின் டக்காரில்தான் ஏறினார்கள். இப்படி நடப்பது அபூர்வம், ஆனால் நடக்காது என்று சொல்வதற்கில்லை.

முதலில் பார்க்க வேண்டியது, பயணத்திட்டத்தில் இருக்கும் ஊர்ப் பெயர். "ரோம்" என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள். கப்பல் நிற்பது சிவிட்டாவெக்கியாவில், ரோமிலிருந்து 70 கிலோமீட்டருக்கு மேல். "ஃப்ளாரன்ஸ்" என்றால் லிவோர்னோ, கிட்டத்தட்ட 90 கிலோமீட்டர். "பாரிஸ்" என்று விற்கிறார்களே, அது லெ ஆவ்ர், ஏறக்குறைய 200 கிலோமீட்டர்! வெனிஸ் கதை இன்னும் வேடிக்கை. 2021 ஆகஸ்டிலிருந்து பெரிய கப்பல்கள் ஜூடெக்கா கால்வாய் வழியாக நகரத்துக்குள் வர முடியாது. அதனால் சில கப்பல்கள் ரவென்னாவிலோ த்ரியெஸ்தேயிலோ நின்றுகொண்டு வெனிஸ் என்கின்றன. ஆகவே வரைபடத்தில் ஊரைத் தேடாதீர்கள். கப்பல் நிற்கும் டெர்மினலைத் தேடுங்கள். அங்கிருந்து நீங்கள் பார்க்க விரும்பும் இடத்தின் வாசல் வரை கணக்குப் போடுங்கள்.

அந்தக் கணக்கை ரோமை வைத்தே சொல்கிறேன், உங்கள் பட்டியலில் சிக்கலான ஊர் அதுதான். காலை 7 மணிக்குக் கப்பல் வருகிறது, இரவு 7-க்குக் கிளம்புகிறது என்று வைத்துக்கொள்வோம். பன்னிரண்டு மணி நேரம் கையில் இருப்பது போலத் தெரியும். ஆனால் எல்லோரும் ஏறியிருக்க வேண்டிய நேரம் பெரும்பாலும் அரை மணி முன்பே, அதாவது 6:30. காலையில் இறங்கும் அனுமதி கிடைத்து வெளியே வர எட்டு ஆகிவிடும். துறைமுகத்துக்குள் நடக்க விடமாட்டார்கள், ஷட்டில் பஸ்ஸில் லார்கோ தெல்லா பாச்சே என்ற இடத்துக்கு வந்து, அங்கிருந்து ரயில் நிலையம் போக வேண்டும். ரயிலில் சுமார் ஒரு மணி நேரம். ரோமில் கால் வைக்கும்போது பத்து. திரும்பும்போது நான் இரண்டு மணி நேரம் உபரியாக வைத்துக்கொள்வேன், அதாவது 4:30-க்குள் சிவிட்டாவெக்கியா நிலையத்தில் இருக்க வேண்டும். அப்படியென்றால் ரோமில் மூன்றேகாலுக்கெல்லாம் ரயில் ஏறியாக வேண்டும். பன்னிரண்டு மணி நேரம் ஐந்தேகால் மணி நேரமாகச் சுருங்கிவிட்டது, பார்த்தீர்களா? இதில் கொலோசியமும் வத்திக்கானும் இரண்டும் என்று ஆசைப்பட்டால் இரண்டையும் வெளியிலிருந்து போட்டோ எடுத்துவிட்டு ஓட வேண்டியதுதான்.

இரண்டு மணி நேரம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு என் அனுபவம். ரோமின் தெர்மினி நிலையத்தில் எங்கள் ரயில் கிளம்பப் பத்து நிமிடம் இருந்தது. பலகையில் பிளாட்பாரம் எண் 27 என்று போட்டிருந்தது. 24-ஆம் பிளாட்பாரம் கண்ணெதிரே தெரிந்ததால் அதற்கு அடுத்ததாக இருக்கும் என்று நிதானமாக நடந்தோம். 25-க்கு மேற்பட்ட பிளாட்பாரங்கள் பக்கத்தில் இல்லை. 24-ஐ ஒட்டியே நீளமாக உள்ளே நடந்து போனால்தான் வரும். அப்பாவுக்கு முழங்கால் வலி. நான் ஒரு கையில் அவரையும் மறு கையில் பையையும் பிடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது கதவு மூடி ரயில் நகர ஆரம்பித்திருந்தது. ஜன்னலோரம் எங்கள் கப்பலின் பெயர் போட்ட பையை மடியில் வைத்துக்கொண்டு ஒருவர் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்துப் பாவமாகத் தலையாட்டினார். அடுத்த ரயில் அரை மணி கழித்து. அதுவும் 25 நிமிடம் தாமதம் என்று பலகையில் ஓடியது. அன்றைக்கு அப்பா ஒரு வார்த்தை பேசவில்லை, கைக்கடிகாரத்தை மட்டும் பார்த்துக்கொண்டே வந்தார். கடைசியில் ஏறும் கெடுவுக்கு முக்கால் மணி நேரம் மிச்சம் இருக்கும்போதே கப்பலில் ஏறிவிட்டோம். வெறும் ஒரு மணி நேரம் மட்டும் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அம்மா இன்னும் சொல்லிக்காட்டுகிறார்.

வத்திக்கான் மட்டும் போதும் என்றால் தெர்மினி வரை போகவே வேண்டாம். சான் பியெத்ரோ நிலையத்தில் இறங்கினால் பேராலயத்துக்கு நடைதூரம், திரும்பும்போதும் அங்கேயே ஏறலாம்.

கைக்கடிகாரம் என்றதும் ஞாபகம் வருகிறது. கப்பல் நேரமும் கரை நேரமும் ஒன்றாகவே இருக்கும் என்று நம்பாதீர்கள். இத்தாலிக்கும் கிரீஸுக்கும் ஒரு மணி நேரம் வித்தியாசம். சில கப்பல்கள் கடிகாரத்தை மாற்றும், சில மாற்றாது. மெக்சிகோவின் கொசுமெல் தீவில் வருடம் முழுக்க ஒரே நேரம்தான், கோடையில் மயாமியிலிருந்து போகும் கப்பலின் நேரத்தோடு அது ஒத்துப்போகாமல் போகலாம். போனோ, கரையில் சிக்னல் கிடைத்தவுடன் தானாக மாறிக்கொள்ளும். கப்பல் சொல்லும் நேரம்தான் செல்லும். சாதாரணக் கைக்கடிகாரம் ஒன்றைக் கப்பல் நேரத்துக்கு வைத்து யாராவது ஒருவர் கட்டிக்கொள்ளுங்கள்.

உங்கள் பயணத்தில் டெண்டர் துறைமுகம் எதுவும் இல்லை, அது நல்லது. டெண்டர் என்றால் கப்பல் கரைக்கு வராமல் சற்றுத் தள்ளிக் கடலிலேயே நங்கூரம் போட்டுவிட்டுச் சிறு படகில் கரைக்கு அனுப்புவது. கப்பல் டூர் எடுத்தவர்களுக்குத்தான் பொதுவாக முதலில் படகு. மற்றவர்கள் டோக்கன் வாங்கிக் காத்திருக்க வேண்டும். அலை அதிகம் என்றால் அந்த ஊரையே விட்டுவிட்டுக் கப்பல் போய்விடும். கிரீஸின் சாந்தோரினி தீவில் டூர்காரர்களைப் பெரும்பாலும் அத்தினியோஸ் துறையில் இறக்கி நேராக பஸ்ஸில் ஏற்றிவிடுவார்கள். தனியாகப் போகிறவர்களை ஃபிரா ஊருக்குக் கீழே பழைய துறையில் இறக்குவார்கள். தலைக்கு மேலே செங்குத்தான மலை, ஏறுவதற்குக் கேபிள் கார், இல்லையென்றால் ஏறத்தாழ 600 படி. படியில்தான் கழுதைகளும் ஏறி இறங்கும். குளம்பு பட்டுப் பட்டு வழுவழுப்பான கல், அதன் மேல் சாணம். நான் ஏறவில்லை, இறங்கினேன். செருப்பைக் கப்பலுக்குள் கொண்டு போகவே கூச்சமாக இருந்தது. கேபிள் கார் வரிசை ஒரு மணி நேரத்துக்கு மேல் என்று பார்த்ததால்தான் படியில் இறங்கினேன்.

அடுத்தது டிக்கெட். கப்பல் போகும் கிழமையை முதலில் குறித்துக்கொள்ளுங்கள். ஃப்ளாரன்ஸின் உஃபிஸி காட்சியகம் திங்களன்று மூடியிருக்கும். வத்திக்கான் அருங்காட்சியகம், மாதத்தின் கடைசி ஞாயிறு தவிர, ஞாயிறுகளில் கிடையாது. பார்சிலோனாவின் சக்ராதா ஃபமிலியா தேவாலயத்துக்கு நேரம் குறித்த டிக்கெட்டை இணையத்தில் முன்கூட்டியே வாங்கியாக வேண்டும். நேப்பிள்ஸுக்குப் பக்கத்தில், எரிமலைச் சாம்பலில் புதைந்த பழைய ரோமானிய நகரமான பொம்பேயில் 2024 நவம்பரிலிருந்து ஒரு நாளைக்கு 20,000 பேர்தான், டிக்கெட்டில் பெயரும் இருக்க வேண்டும். நேரம் குறித்த டிக்கெட்டை, இறங்கிய உடனே போய்ச் சேரும் நேரத்துக்கு வாங்காதீர்கள். கப்பல் ஒரு மணி நேரம் தாமதமாக வந்தால் அத்தனையும் வீண். அதேபோல் தனியார் வண்டி ஏற்பாடு செய்தால், கப்பல் வராவிட்டால் பணம் திரும்பக் கிடைக்குமா என்று எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கப்பல் டூர் என்றால் அந்தக் கவலை இல்லை, துறைமுகம் ரத்தானால் பணத்தைத் திருப்பிக் கணக்கில் சேர்த்துவிடுவார்கள்.

இவ்வளவு சொல்கிறானே, பேசாமல் கப்பல் டூரையே எடுத்துவிடலாமே என்று தோன்றும். அதிலும் பாருங்கள், நாற்பது ஐம்பது பேர் ஒரே பஸ்ஸில். எல்லோரும் கழிவறை போய் வரும் வரை எல்லோரும் நிற்க வேண்டும். காதில் ஒரு கருவி, முன்னால் எண் எழுதிய மட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வழிகாட்டி. நமக்குப் பிடித்த இடத்தில் ஐந்து நிமிடம், அவர்கள் கூட்டிப்போகும் கடையில் நாற்பது நிமிடம். நடுவில் ஒரு வழி உண்டு: பல கப்பல்கள் வழிகாட்டி இல்லாமல் ஊருக்குக் கொண்டுபோய் விட்டு, கூட்டிவர மட்டும் பஸ் விடுகின்றன. அதுவும் அவர்கள் டூர் கணக்குதான், கப்பல் காத்திருக்கும். ஊருக்குள் நம் இஷ்டம். வயதானவர்களோடு தூரத்து ஊருக்குப் போகிறவர்களுக்கு என் முதல் சிபாரிசு இதுதான். டூர் விவரத்தில் நடை எவ்வளவு, படி எவ்வளவு என்று குறியீடு போட்டிருப்பார்கள், அதையும் பாருங்கள்.

சரி, உங்கள் ஐந்து ஊருக்கு வருவோம். பார்சிலோனா கண்ணை மூடிக்கொண்டு தனியாகத்தான். டெர்மினலிலிருந்து பஸ்ஸில் கொலம்பஸ் தூண் வரை வந்தால் ராம்ப்லா தெரு அங்கேயே ஆரம்பிக்கிறது. மார்செயில் டெர்மினல் ஊரைவிட்டுத் தள்ளி இருக்கிறது, நடக்க முடியாது. ஷட்டிலோ டாக்ஸியோ பிடித்துப் பழைய துறைமுகத்தைச் சுற்றிவிட்டு, குன்றின் மேலிருக்கும் நோத்ர் தாம் தெ லா கார்த் தேவாலயம் வரை போய் வந்தால் போதும். லிவோர்னோவில் அம்மா, அப்பாவோடு ஃப்ளாரன்ஸுக்கு ஆசைப்படாதீர்கள். சாய்ந்த கோபுரம் இருக்கும் பீசா ரயிலில் கால் மணி, இருபது நிமிடம்தான். ஃப்ளாரன்ஸ் போயே தீர வேண்டும் என்றால் கப்பல் பஸ். அடுத்த நாளே ரோம் இருந்தால் இரண்டு நெடுநாள் அடுத்தடுத்து வருகிறது என்பதையும் யோசியுங்கள், வயதானவர்களுக்கு அது தாங்காது. சிவிட்டாவெக்கியாவில், ரோமுக்குக் கொண்டுபோய் விட்டுக் கூட்டிவரும் கப்பல் பஸ், அது இல்லையென்றால் ரயிலில் வத்திக்கான் மட்டும்.

நேப்பிள்ஸில் கப்பலை விட்டு இறங்கினால் எதிரிலேயே காஸ்தெல் நுவோவோ கோட்டை, ஊருக்குள்ளேயே நிற்கிறீர்கள். பொம்பேய்க்கு கரிபால்டி நிலையத்திலிருந்து சிர்கும்வெசுவியானா ரயிலில் நாற்பது நிமிடம் போல; இறங்கும் இடம் வாசலுக்குப் பக்கத்திலேயே. ஆனால் அந்த ரயில் நெரிசலானது, உட்கார இடம் கிடைப்பது அதிர்ஷ்டம், ஜேப்படியும் உண்டு. பொம்பேய் முழுக்க மேடுபள்ளமான பழைய கல் தெருக்கள், நிழல் குறைவு. உங்கள் அப்பாவால் இரண்டு மணி நேரம் அதில் நடக்க முடியுமா என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். முடியாதென்றால் நீங்கள் மட்டும் காலையில் போய் வாருங்கள், அம்மாவும் அப்பாவும் கோட்டை வரை நடந்துவிட்டு வரட்டும். மதியம் கப்பலிலேயே சேர்ந்துகொள்ளலாம்.

இறங்கும்போது கையில் இருக்க வேண்டியவை: கப்பல் அட்டை (ஏறி இறங்கக் கப்பலில் தருவது), போட்டோ உள்ள அடையாள அட்டை, பாஸ்போர்ட்டின் நகல், அப்புறம் கேபினுக்கு வரும் அன்றன்றைய நிகழ்ச்சித் தாளில் அச்சிட்டிருக்கும் துறைமுக ஏஜெண்டின் (அந்த ஊரில் கப்பலின் சார்பில் இருப்பவர்) போன் எண். கடைசியில் சொன்னதுதான் எல்லோரும் மறப்பது. தாமதமாகும் என்று தெரிந்த நொடியே அந்த எண்ணுக்குக் கூப்பிடுங்கள், கப்பல் கிளம்பிய பிறகு கூப்பிட்டுப் பயனில்லை. நான் அந்தத் தாளைக் கேபின் கதவருகில் வைத்தே போட்டோ எடுத்துக்கொள்கிறேன்.